செஞ்சிக் கூத்தும் மின்னிசைக் கருவியும்

மக்கள் வாழ்வு மாறுந்தோறும் அவர்கள் கையாளும் கருவிகளும் மாறுகின்றன. உழுபடையும் நெசவுத்தறியும் மாறியவாறே இசைக்கருவிகளும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. பழந்தமிழர் தம் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகைப்படுத்தினர். பண்டை நூல்கள் பலபடப் புகழும் யாழ் இன்று வழக்கில் இல்லை. அது வகித்த இடத்தை வீணை பெற்றது. அவ்வாறே சென்ற நூற்றாண்டில், இவ்வகைகளுள் எதனுள்ளும் அடங்காத புதியதொரு கருவி தோன்றியது. தோலும் துளையும் நரம்பும் வெண்கலமும் இன்றி, மின்னாற்றல் ஒன்றினாலேயே அஃது ஒலிக்கும். கட்டையைத் தொட்டால் குழலாகவும், மற்றொரு விசையைத் தொட்டால் வயலினாகவும், வேறொன்றைத் தொட்டால் மத்தளமாகவும் அது பேசும். அறிஞர் அதனைச் சின்தசைசர் என்பர். பொதுமக்கள் கீபோர்டு என்பர். அக்கருவி வந்த வழியையும், அதனால் நம் இசை பெற்றதையும் இழந்ததையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

செஞ்சியும் பாட்டும்

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த செஞ்சி, கோட்டையாற் புகழ் பெற்ற ஊர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து வளைந்து செல்லும் அதன் மதில்கள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளம் உடையவை. நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு அக்கோட்டை மாறியது. 2025ஆம் ஆண்டில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனை உலக மரபுச் சின்னங்களாக யுனெசுகோ அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

ஆயினும், செஞ்சியின் பெயரை நாட்டு மக்கள் நாவில் நிலைநிறுத்தியது கல்லன்று, பாட்டேயாகும். 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துச் சிறுபடையுடன் பொருது மாண்ட தேசிங்கு என்னும் இளமன்னனின் கதையை ஊர் ஊராகப் பாடியவர் பலர். அக்கதை கதைப்பாடலாகப் பிறந்து, கூத்தாகவும் நாடகமாகவும் வளர்ந்து, 1960ஆம் ஆண்டில் 'ராஜா தேசிங்கு' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. வாய்ப்பாட்டிலிருந்து திரைப்பாட்டு வரை அக்கதை நடந்த வழியே, தமிழ் மக்கள் இசையில் கருவிகள் நடந்த வழியும் ஆகும்.

செஞ்சியை அடுத்த மேலச்சேரி, பழஞ்செஞ்சி எனப் போற்றப்படுவது. அங்குள்ள திரௌபதியம்மன் கோயில், அத்தெய்வ வழிபாட்டின் தலைமையிடங்களுள் ஒன்று. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலிற் பாரதச் சொற்பொழிவும், இரவிற் பாரதக் கதையை நடித்துக் காட்டும் தெருக்கூத்தும் பல நாள் தொடர்ந்து நிகழும்; இறுதியிற் படுகளமும் தீமிதியும் நடைபெறும். கூத்து, இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். கூத்தர் ஆடிப் பாட, அவர்க்குப் பின்னே அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரரும் இசைப்போரும் அவர்தம் பாட்டைத் தாங்கிச் செல்வர்.

கூத்துக்குரிய கருவிகளாவன மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் என்பன. முகவீணை என்பது பெயரளவில் வீணையாயினும் உண்மையில் நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த சிறிய துளைக்கருவியே. இந்நான்கனுள் மத்தளமும் தாளமும் முகவீணையும் இந்நாட்டுக்குத் தொன்றுதொட்டு உரியவை. ஆர்மோனியம் மட்டும் கடல் கடந்து வந்தது.

ஆர்மோனியத்தின் வரவு

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் வாழ்ந்த அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842ஆம் ஆண்டில் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த கருவி மேசைபோற் பெரியது. காலால் மிதித்துக் காற்றூட்டப்படுவது. தரையிலமர்ந்து பாடும் இந்நாட்டினர்க்கு அது பொருந்தவில்லை. கல்கத்தாவில் இசைக்கருவிகள் செய்துவந்த துவாரகநாத் கோசு என்பவர் அதனைச் சிறிய பெட்டியாக மாற்றியமைத்து, இடக்கையால் துருத்தியை அசைத்து வலக்கையால் வாசிக்குமாறு செய்தார். இம்மாற்றம் 1875ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென்பர்.

ஆர்மோனியத்தின் அமைப்பு எளியது. துருத்தியிலிருந்து வரும் காற்று, பெட்டிக்குள் வரிசையாகப் பொருத்தப்பட்ட பித்தளை நாக்குகளை அதிரச் செய்கிறது. ஒவ்வொரு நாக்கிற்கும் ஒரு கட்டை உண்டு. கட்டையை அழுத்தினாற் காற்று செல்ல வழி திறக்கும், விட்டால் மூடும். நாக்கின் நீளமும் கனமும் எவ்வளவோ அவ்வளவே அதன் சுரம். வாசிப்பவர் எவ்வளவு வல்லவராயினும் அச்சுரத்தை இம்மியளவும் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது.

இவ்வளவு குறையுடைய கருவி கூத்து மேடையையும் நாடக மேடையையும் கைப்பற்றியது எவ்வாறு? காரணங்கள் தெளிவானவை. திறந்த வெளியில் விடியுமளவும் நடக்கும் கூத்தில், பனியாலும் ஈரத்தாலும் நரம்புக்கருவியின் சுருதி கலையும்; ஆர்மோனியம் எளிதிற் கலையாது. ஓரிருவரே பாட்டுக்குத் துணைநிற்கும் குழுவிற்கு, இடைவிடாது சுருதி தரவும் பாட்டைப் பின்தொடரவும் ஒரு பெட்டி போதும். பல நூறு பேர் கூடிய களத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும், அதன் ஒலி கேட்டது. ஒருவர் தோளிற் சுமந்து அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்லவும் முடிந்தது. சங்கரதாசு சுவாமிகள் காலத்து நாடக மேடைகளிலும் ஆர்மோனியம் வாசிப்போர்க்குத் தனி மதிப்பிருந்தது.

தமிழ் மக்கள் அக்கருவியைத் தம்முடையதாகவே கொண்டனர் என்பதற்கு அவர்தம் பேச்சே சான்று. பாடுவோர் தம் சுருதியை 'ஒரு கட்டை', 'நாலரைக் கட்டை', 'ஐந்து கட்டை' என்று குறிப்பர். இக்கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டையே. வெண்கட்டைகள் முழு எண்ணாலும் அவற்றிடையேயுள்ள கருங்கட்டைகள் அரை எண்ணாலும் குறிக்கப்படுகின்றன. ஆர்மோனியத்தை மேடையில் ஏற்காத பாடகரும் தம் குரலின் அளவை அதன் கட்டையாலேயே சொல்லுவது எண்ணத்தக்கது.

குழைவு என்னும் உயிர்

பழந்தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசை வகுத்தனர். இவ்வேழும் படிக்கட்டுகள் போலத் தனித்தனி நிற்பன அல்ல. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லுதலும், ஒரே சுரத்தை மேலும் கீழும் அசைத்து ஒலித்தலும் நம் இசையின் உயிர்நிலை. இக்குழைவினையே கமகம் என்பர். ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஒரே சுரங்களையுடைய இரு பண்களைக்கூடக் கேட்பவர் வேறுபடுத்தி உணர்வது பெரும்பாலும் இக்குழைவினாலேயே ஆகும்.

ஆர்மோனியத்திற்கு இக்குழைவு இயலாது. மேலும், அதன் சுரங்களிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு. மேனாட்டு முறையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமபாகங்களாகப் பகுக்கப்படுகிறது. சட்சம் நொடிக்கு 240 அதிர்வுடையது எனக் கொள்வோம். இயற்கை விகிதப்படி அந்தர காந்தாரம் அதனினும் நான்கில் ஒரு பங்கு மிக்கு, 300 அதிர்வுடையதாகும். சமபாக முறையிலோ அது ஏறத்தாழ 302.4 ஆகிவிடும். பஞ்சமம் 360 ஆக வேண்டியது 359.6 அளவினதாகும். பஞ்சமத்தின் வேறுபாடு செவிக்குப் புலப்படுவது அரிது. காந்தாரத்தின் வேறுபாட்டைப் பழகிய செவி உடனே உணரும்.

இப்பொருளில் அறிஞரிடையே கருத்து வேற்றுமையும் இருந்தது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில், ஒரு ஸ்தாயியைச் சமபாகங்களாகப் பகுத்தலே பழந்தமிழர் முறை என்று வாதிட்டார். சுப்பிரமணிய பாரதியாரோ தம் இசைபற்றிய கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடிந்துரைத்தார்.

அகில இந்திய வானொலியின் மேனாட்டு இசைப் பிரிவில் பணியாற்றிய ஜான் பவுல்ட்சு என்னும் ஆங்கிலேயர், இந்திய இசைக்கு ஆர்மோனியம் கேடு விளைவிக்கிறதென்று 1938ஆம் ஆண்டில் எழுதினார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூரும் அக்கருத்துடையவர். 1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் வானொலியில் ஆர்மோனியத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை 1971ஆம் ஆண்டிலேயே, அதுவும் சில வரையறைகளுடன், தளர்த்தப்பட்டது.

இங்கு ஓர் ஒப்புமை பயன்தரும். வயலினும் மேனாட்டுக் கருவியே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அதனைக் கற்று நம் இசைக்குப் பயன்படுத்தினார். அதனை எவரும் தடை செய்யவில்லை. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. இரண்டும் அயல்நாட்டிலிருந்து வந்தவையாக, ஒன்றிற்கு வரவேற்பும் மற்றொன்றிற்குத் தடையும் நேர்ந்தது ஏன்? வயலினின் தந்தியில் மெட்டு இல்லை. விரல் வேண்டியவாறு வழுக்கிச் செல்லலாம். குழைவு தடையின்றிப் பிறக்கும். ஆகவே, வழக்கு அயன்மை பற்றியதன்று. குழைவு பற்றியதே என்பது தெளிவு.

வானொலி நிலையத்தின் கதவு அடைபட்டிருந்த அம்முப்பது ஆண்டுகளிலும், கூத்துக் களத்தில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. திரைப்பட இசையமைப்பாளர் பலர் அதனைக் கொண்டே மெட்டமைத்தனர். 'ராஜா தேசிங்கு' படத்திற்கு இசையமைத்த ஜி. இராமநாதனும், அவர்க்குப் பின் புகழ்பெற்ற எம். எஸ். விசுவநாதனும் ஆர்மோனியத்திற் கைதேர்ந்தவர்கள். தடையால் ஒரு கருவியை அவையிலிருந்து விலக்கலாம். மக்கள் செவியிலிருந்து விலக்க இயலாது.

மின்னாற்றலின் வருகை

கட்டைக் கருவிகளுக்குக் காற்றிற்கு மாறாக மின்னாற்றலை ஊட்டும் முயற்சி, ஆர்மோனியம் இந்நாட்டிற் பரவிய காலத்திலேயே மேனாட்டில் தொடங்கிவிட்டது. அமெரிக்கராகிய தாடியசு காகில் 1897ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற டெல்ஆர்மோனியம் என்னும் பொறி, சுழலும் உருளைகளால் மின்னலைகளை உண்டாக்கி, தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்பியது. 1906ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவப்பட்ட அப்பொறியின் நிறை ஏறத்தாழ 200 டன். அத்துணைப் பெரும் பொறி நிலைபெறவில்லை. ஆயினும் அதன் கருத்து அழியவில்லை. 1935ஆம் ஆண்டில் லாரன்சு ஆம்மண்டு என்பவர் அதே முறையை ஒரு மேசையளவிற் சுருக்கித் தம் பெயரால் மின்னார்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். குழாயார்கன் வாங்கப் பொருளில்லாத தேவாலயங்களுக்காகச் செய்யப்பட்ட அது, விரைவில் மக்கள் இசைக்கும் உரியதாயிற்று.

இந்திய மக்கள் மின்கட்டைக் கருவியின் ஒலியைப் பெருமளவிற் கேட்டது 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் இந்தித் திரைப்படத்திலாகும். அப்படத்தில் வரும் பாம்பாட்டியின் மகுடி ஒலி நாடெங்கும் புகழ் பெற்றது. அது மகுடியால் எழுந்த ஒலியன்று. கிளாவியோலின் என்னும் சிறிய மின்கட்டைக் கருவியைக் கல்யாண்ஜி என்பவர் வாசிக்க, அதனோடு ஆர்மோனியமும் சேர்ந்து எழுந்த ஒலியே அது. மகுடியை நன்கறிந்த மக்களே அதனை மகுடியென்று நம்பினர். ஒரு கருவி மற்றொரு கருவியின் குரலை மேற்கொள்ளலாம் என்பதை இந்நாடு அன்று அறிந்தது.

ஒலியைக் கட்டும் கலை

குழலும் வீணையும் ஒரே சுரத்தை ஒலித்தாலும் செவி அவற்றை வேறுபடுத்தி அறிகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, எந்த ஒலியும் தனியொலியன்று. அடிப்படை அதிர்வோடு அதனினும் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு விரைவுடைய துணையொலிகளும் கலந்தே வரும். அவற்றுள் எவை மிகும், எவை குறையும் என்பது கருவிதோறும் வேறுபடும். இரண்டாவது, ஒலி பிறந்து வளர்ந்து நின்று மறையும் முறை. வீணையின் ஒலி மீட்டியவுடன் உயர்ந்து மெல்லத் தேயும். குழலின் ஒலி மூச்சு உள்ளவரை நிற்கும்.

இவ்விரண்டையும் நாமே அமைத்துக்கொள்ள முடியுமாயின், எக்கருவியின் குரலையும், எக்கருவிக்கும் இல்லாத புதுக்குரலையும் உண்டாக்கலாம் அன்றோ? 1964ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளராகிய இராபர்ட்டு மூக் உருவாக்கிய சின்தசைசர் இதனைச் செய்தது. அதில் ஒரு பகுதி மின்னலையைப் பிறப்பிக்கும். ஒரு பகுதி வேண்டாத துணையொலிகளை வடிகட்டும். ஒரு பகுதி ஒலியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வகுக்கும். மின்னழுத்தம் ஒரு வோல்ட்டு உயர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். இத்தகைய மூக் கருவி ஒன்று 1969ஆம் ஆண்டிலேயே இந்தியாவிற்கு வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைஞர் அதனை நிறுவினார்; இந்நாட்டு இளைஞர் சிலர் அங்கு அதனைப் பயின்றனர்.

1970ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய மூக் கருவியில், கட்டைகளின் இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் பொருத்தப்பட்டது. வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை அச்சக்கரத்தை மேலும் கீழும் உருட்டினாற் சுரமும் உடன் உயர்ந்து தாழும். பித்தளை நாக்கினால் இயலாதிருந்த குழைவு, இங்கே கட்டைக் கருவிக்குக் கைகூடியது. மேனாட்டார் தம் தேவைக்காகச் செய்த இச்சிறு சக்கரம், இந்திய இசையின் நெடுநாள் வழக்கிற்கு ஒரு விடையாக அமைந்தது வியப்பே.

1983ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் சப்பான் நாட்டு யமகா நிறுவனம், எண்முறையில் ஒலியைக் கணித்து உண்டாக்கும் டி.எக்சு.7 என்னும் கருவியை வெளியிட்டது. அதன் அடிப்படையை இசைஞரும் ஆராய்ச்சியாளருமாகிய ஜான் சவுனிங் 1967ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அதே 1983ஆம் ஆண்டில், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் 'மிடி' என்னும் பொதுமொழியும் நடைமுறைக்கு வந்தது. அதனால், ஒருவர் ஒரு கட்டையை அழுத்தப் பத்துக் கருவிகள் ஒருங்கே ஒலிக்கவும், வாசித்ததைக் கணிப்பொறி நினைவிற் கொண்டு மீண்டும் வாசிக்கவும் வழி பிறந்தது.

தமிழ்த் திரையிசையில்

பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, தம் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். 1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் திரையுலகிற்கு இசையமைப்பாளராக அறிமுகமானார். நாட்டுப்புற மெட்டையும் மேனாட்டு வாத்தியக் குழுவையும் இணைத்த அவர், மின்கட்டைக் கருவிகளையும் அவற்றோடு சேர்த்தார். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் கணிப்பொறி வழிப்பட்ட இசை முறையைக் கையாண்டார். இந்தியத் திரையிசையில் அம்முறையின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

வடநாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982ஆம் ஆண்டில் மூன்று மின்கருவிகளை இணைத்துப் பத்து இராகங்களை நடன தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அந்நாளில் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2010ஆம் ஆண்டில் அது மறுபதிப்புப் பெற்றபோது உலகோர் வியந்தனர்.

இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவர் மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது. அச்சிறுவன் இளமையிலேயே இசைக்குழுக்களிற் கட்டைக் கருவி வாசிக்கத் தொடங்கினான். பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் எனப் பெயர்பெற்ற அவர், சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோஜா' அவர்க்குத் தேசிய விருதை ஈட்டித் தந்தது. 2009ஆம் ஆண்டில் இரண்டு ஆசுகார் விருதுகளையும் அவர் பெற்றார். ஒரு காலத்தில் வறுமையைத் தாங்கி நின்ற கருவிகளே பின்னர் உலகப் புகழுக்கும் வழி வகுத்தன.

ஆக்கமும் இழப்பும்

ஆக்கத்தை மட்டும் கூறி இழப்பை மறைத்தல் நடுவுநிலைமை ஆகாது. திரையிசைக்குப் பெருங்கூட்டமாக வயலின் வாசிப்போரும் குழல் வாசிப்போரும் தாளக் கருவியாளரும் ஒருங்கமர்ந்த காலம் ஒன்று இருந்தது. நாள்தோறும் கூடத்திற்குச் சென்று வாசித்துப் பெற்ற கூலியே அவர்தம் வாழ்வு. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர், பலர் செய்த பணியை ஒரு கட்டைக் கருவியும் ஒரு கணிப்பொறியும் செய்யத் தொடங்கியபோது, அவர்களுட் பலர்க்கு வாய்ப்புக் குறைந்தது. பல்லாண்டு பயின்ற கைக்கு வேலையின்றிப் போவது சிறிய துன்பமன்று.

இத்துன்பம் இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1982ஆம் ஆண்டில் பிரித்தானிய இசைவாணர் சங்கத்தின் நடு இலண்டன் கிளை, சின்தசைசர்களைத் தடை செய்ய வேண்டுமென்று தீர்மானம் இயற்றியது. அது சங்கம் முழுவதன் கொள்கையாகவில்லை. வானொலியின் தடை செவிநயம் கருதி எழுந்தது. இலண்டன் இசைவாணர் கேட்ட தடை வயிற்றுப்பாடு கருதி எழுந்தது. இரண்டும் கருவியை நிறுத்தவில்லை. ஆயினும் அவை எழுப்பிய வினாக்கள் இன்றும் விடை வேண்டி நிற்கின்றன.

கூத்து வழங்கும் நாட்டிலும் இவ்வினா உண்டு. இந்நாளில் ஊர்ப்புறத்து நாடக மேடைகள் பலவற்றில் ஆர்மோனியத்தின் இடத்தில் கீபோர்டு அமர்ந்திருக்கிறது. முகவீணையின் குரலையும் தாளக் கருவிகளின் ஒலியையும் ஒருவரே அதிலிருந்து எழுப்பிவிடலாம். குழுவிற்குச் செலவு குறைகிறது. ஆனால், முகவீணை வாசிக்கக் கற்பவர் இல்லாது போயின், கீபோர்டு எக்குரலைப் பின்பற்றும்? போலிக்கும் மூலம் ஒன்று வேண்டும் அன்றோ? மேலும், கூத்தன் பாட்டை நீட்டினால் உடன் நீண்டும், சுருக்கினால் உடன் சுருங்கியும் செல்லும் இசைஞரே கூத்திற்கு உயிர். முன்னரே பதிவு செய்த தாளமோ எவர்க்காகவும் காத்து நில்லாது. ஆடுவோன்தான் அதற்குப் பணிந்து ஆட வேண்டும்.

கருவியும் கையும்

அவ்வாறாயின், மின்னிசைக் கருவியை ஒதுக்கிவிடுதல் தக்கதா? நிகழ்ந்தவை வேறு பாடம் புகட்டுகின்றன. மாண்டலின் என்பது மெட்டுடைய மேனாட்டுக் கருவி. அதன் ஒலி மீட்டியவுடன் மறைவது. யு. சீனிவாசு (1969–2014) என்னும் மேதை, மின்னாற்றல் ஊட்டிய மாண்டலினில் சிறுவயதிலேயே கருநாடக இசையின் நுண்ணிய கமகங்களை எழுப்பி அறிஞர் அவையை வணங்கச் செய்தார். சத்தியநாராயணன் என்னும் இளைஞர், கீபோர்டிலேயே முழுக் கச்சேரி நிகழ்த்திப் பாராட்டுப் பெற்றார். குழைவு கருவியில் இல்லை. அதனை வேண்டி நிற்கும் செவியிலும், விடாது முயலும் கையிலும் உள்ளது என்பதை இவர்கள் மெய்ப்பித்தனர்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. சக்கரம் இருந்தும் அதனைத் தொடாது, கட்டைகளை மட்டும் தட்டி மெட்டை ஒப்புவிப்போர் பலர். அவர்கள் கையில் ஆயிரம் குரலுடைய கருவியும் பழைய பித்தளை நாக்கே ஆகிவிடுகிறது. ஆர்மோனியத்தின் மீது அன்று சாட்டப்பட்ட குற்றம் இன்று அவர்களையே சாரும். ஆர்மோனியத்திற்கு இயலாமை இருந்தது. இவர்க்கு முயலாமையே உள்ளது.

எனவே, புதிய கருவியைக் கற்கப் புகும் மாணவர் இரண்டனை மனத்திற் கொள்ளுதல் நன்று. முதலில் வாயாற் பாடிப் பழக வேண்டும். வாய் அறியாத குழைவைக் கை அறியாது. அடுத்து, தாம் பயிலும் கருவி எக்கருவியின் குரலை மேற்கொள்கிறதோ, அக்கருவியை அதன் உரியவர் வாசிக்க நேரிற் கேட்க வேண்டும். முகவீணையைக் கேட்டவரே முகவீணைக் குரலைக் கட்டையிற் செவ்வையாக எழுப்ப வல்லவர். அவ்வாறு கேட்போர் பெருகினால், முகவீணை வாசிப்போர்க்கும் அவையும் மதிப்பும் உண்டாகும். மூலமும் வாழும், வழிவந்ததும் வாழும்.

யாழ் மறைந்தபோது அதன் பண்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. ஓதுவார் குரலிலும் வீணையின் தந்தியிலும் குடிபுகுந்தன. கருவி உடல் போன்றது. இசை உயிர் போன்றது. உடல் மாறினும் உயிர் நிலைபெற வேண்டுமாயின், அதனைக் காப்பவர் விழிப்போடிருத்தல் வேண்டும். தேசிங்கின் கதையை எக்கருவி கொண்டு பாடினும் பாடலாம். கேட்போர் நெஞ்சம் நெகிழ்ந்ததா என்பதே பாட்டின் அளவுகோல். அவ்வளவுகோலை இழவாத நாட்டிற்குப் புதிய கருவி எதனாலும் கேடு வருவதில்லை.